வீட்டைக் காட்டிவிட்டார்கள்

பாட்டுப் போட்டியில் எந்த வாரம் ஒருவருடைய வீட்டைக் காட்டுகிறார்களோ, அந்த வாரமே அவர் வெளியேற்றப்படுவார் என்பது என் பக்கத்து நாற்காலி அம்மா கண்டறிந்த விதி. மேடையில் நன்றாகப் பாடிக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டுப் படக்கருவி திடீரென்று அவருடைய ஊருக்குப் போகும். ஒழுகும் தகரக் கூரை, அடுப்பருகில் முகத்தை மறைத்துக்கொள்ளும் தாய், சுவரில் மாலையிட்ட தந்தையின் படம், வாசலில் படுத்திருக்கும் நாய். பின்னணியில் புல்லாங்குழல். நடுவர்கள் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள். அப்போது ஏழாம் எண் நாற்காலியிலிருந்து ஒரு குரல் எழும்.

"வீட்டக் காட்டிட்டாங்க. முடிஞ்சுது லா."

அரை மணி நேரத்தில் அது முடிந்தும் விடும். எந்தக் கூரை ஒழுகியதைப் பார்த்து நாங்கள் இரங்கினோமோ, அந்தக் கூரைக்கு உரியவரே ஒலிவாங்கியை வைத்துவிட்டுக் கையசைத்துப் போவார்.

மலேசியாவில் ஜொகூர் பாருவுக்கு அருகே, உலு திராமில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம். பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள், நண்பகலிலிருந்து நான்கு மணி நேரம் எங்கள் குருதி எங்களைவிட்டு வெளியே போய்க் கழுவப்பட்டுத் திரும்பி வரும். எனக்கு எட்டாம் நாற்காலி. மூன்றாண்டுகள் அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தேன். பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நாங்கள் ஒருவரையொருவர் பெயரால் அறிந்ததைவிட நாற்காலியால் அறிந்ததே மிகுதி.

சுவரில் ஒரே தொலைக்காட்சி. சனிக்கிழமை இரவு நடக்கும் பாட்டுப் போட்டி செவ்வாய் நண்பகலில் மறு ஒளிபரப்பாகும்; துணை தேடும் நிகழ்ச்சி வியாழனன்று. முதல் ஒளிபரப்பை அவர் வேண்டுமென்றே பார்க்கமாட்டார். எங்களுடன் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே மூன்று நாள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார். செவிலியரை நாங்கள் அனைவரும் மிஸ்ஸி என்றே அழைப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை ஊசியேற்றும்போது மிஸ்ஸி வாய் தவறி, "அந்தக் குண்டுப் பையன் போயிட்டான்லா, ஆண்டி" என்றுவிட்டார். அவர் அன்றைக்கு அந்த மிஸ்ஸியோடு பேசவேயில்லை.

"முடிவு தெரிஞ்சப்புறம் பாக்குறதுக்குப் பேரு போட்டியில்ல சார், கருமாதி" என்றார் என்னிடம்.

இடக்கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருக்கும். அந்தக் கையை அசைக்கக்கூடாது. ஆகவே பிடித்த பாட்டுக்கு வலக்கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டுவார். ஆறாம் நாற்காலியில் இருந்த சீனப் பெரியவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இவர் தட்டுவதைக் கேட்டு அவரும் தட்டுவார். நாளடைவில், கூரையும் புல்லாங்குழலும் வந்த உடனே, "வீத்த காத்தி!" என்று இவரை முந்திக்கொண்டு கூவவும் கற்றுக்கொண்டார்.

"பாருங்க சார், இந்த அப்பேக் தாத்தாவுக்கே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியல" என்பார் இவர்.

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். அத்தகைய நிகழ்ச்சிகளை அதற்குமுன் பார்த்ததில்லை; பார்ப்பவர்கள்மீது மதிப்பும் இருந்ததில்லை. முதல் சில மாதங்கள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. புத்தகத்தின் பின்னட்டையோடு பேசினார்.

"அந்த ஜட்ஜு உடுப்பு நல்லாருக்குன்னு ஆரம்பிச்சா, பாட்டு நல்லால்லன்னு அர்த்தம். கேட்டுக்கிட்டே இருங்க. இப்ப 'ஆனா'ன்னு ஒண்ணு வரும்."

வந்தது. அன்று முதல் புத்தகம் சற்றுத் தாழ்ந்தது.

மாதமொருமுறை மருத்துவர் வந்து ஒவ்வொரு நாற்காலியாக நின்று பேசிவிட்டுப் போவார். ஒருமுறை அவரிடம், "அம்மா, முகம் நல்லாத் தெளிவா இருக்கே" என்றார். மருத்துவர் அடுத்த நாற்காலிக்குப் போனதும் இவர் என் பக்கம் சாய்ந்தார்.

"உடுப்பப் புகழ்றாரு சார். இப்ப 'ஆனா' வரும்."

அடுத்த வாரம் குருதிப் பரிசோதனை முடிவு வந்தது. 'ஆனா'வும் அதில் இருந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்தார். உருப்பெருக்கி விளக்கின் கீழே பச்சைப் பலகைகள் ஓயாமல் வரும். ஈயம் சரியாகப் படியாதவற்றைப் பிடித்து ஒதுக்கவேண்டும். சிறுநீரகம் பழுதானபின் வேலையை விட்டார், பார்வையை விடவில்லை.

"நான் பாட்டக் கேக்குறதே இல்ல சார். சோல்டரிங் பாக்குறேன்."

"யார் நல்லாப் பாடுறாங்கன்னு பாக்கறதில்லையா?"

"எல்லாரும்தான் நல்லாப் பாடுறாங்க. பாடத் தெரியாதவன அங்க ஏன் ஏத்துறான்? ஆனா வாரம் ஒருத்தர் போவணும்ல. எங்க லைன்லயும் அதான். ஒரு ட்ரேயில ரிஜெக்டே இல்லன்னு வைங்க, சூப்பர்வைசர் நம்பமாட்டான். 'காக், தீடோர்கா'ன்னு கேப்பான், அக்கா தூங்கிட்டியான்னு. அதனால நல்லதுலயே ரெண்ட எடுத்துத் தனியா வெச்சிருவோம்."

"நல்லதையா?"

"நல்லதத்தான். அப்பத்தான் மத்தத நம்புவான்."

பழக்கதோஷத்தால், ரிஜெக்ட் என்பதற்குக் 'கழிவு' என்ற சொல் இருக்கிறதே என்றேன். அவர் முகம் சுளித்தார்.

"கழிவுன்னா குப்பை சார். இது குப்பை இல்ல. நல்லாத்தான் இருக்கும். ஆனா வேணாம்."

நன்றாக இருந்தும் வேண்டப்படாத ஒன்றைக் குறிக்கத் தமிழில் ஒரு தனிச்சொல் தேடினேன். ஒதுக்கம், விலக்கு, தள்ளுபடி எனச் சிலவற்றைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். இன்றளவும் கண்டேனில்லை.

அந்த நிலையத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அதில் இருந்தவர் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். மிஸ்ஸி விரிப்பை மாற்றுவார். சில நாளில் வேறொருவர் வந்து உட்காருவார். பதினோராம் நாற்காலிக்கு அவ்வாறு ஒருவர் வந்தபோது இவர் என்னிடம் தாழ்ந்த குரலில், போட்டியில் இடையில் நுழைபவரைச் சொல்வதுபோல, "வைல்ட் கார்டு" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தபின் புத்தகத்தை மீண்டும் முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். அவருடைய வேடிக்கையெல்லாம் அத்தகையதே. வந்ததும் எங்களை எடைப் பொறியில் ஏற்றுவார்கள். கூடியிருக்கும் எடை அத்தனையும் நாங்கள் திருட்டுத்தனமாகக் குடித்த நீர். அவர் ஏறும்போதே கைகூப்பிவிடுவார்.

"மிஸ்ஸி, நான் இன்னிக்கு டேஞ்சர் சோன். மோர் குடிச்சிட்டேன். நீங்க எலிமினேட் பண்ணிடாதீங்க."

வியாழக்கிழமை நிகழ்ச்சியில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு விளக்கு. ஓர் ஆண் வந்து தன்னைப் பற்றிப் பேசுவான். பிடிக்காதவர்கள் விளக்கை அணைப்பார்கள். கடைசிவரை எரியும் விளக்குக்கு உரியவளுக்கு அவன் கிடைப்பான். மற்றவர்கள் அதைக் காதல் என்று கொண்டாடுவார்கள். இவர் ஒப்பவில்லை.

"கடைசி வரைக்கும் விளக்க வெச்சிருக்கவ அவன் மேல ஆசைப்பட்டு நிக்கல சார். முதல்ல யாரு அணைக்கிறதுன்னு பயந்து நிக்கிறா. கையப் பாருங்க, பட்டன்மேலயே இருக்கு. அதுக்குக் கை வலிக்குது."

மேலும் சொன்னார்: "என்ன சம்பளம், என்ன கார், ஜொகூர் பாருல வீடு இருக்கான்னு கேக்குறாளுங்க. எத்தன மணிக்கு எந்திரிப்பேன்னு ஒருத்தி கேக்கல பாருங்க."

அவருடைய கணவர் பாலங்கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்புவார், இருட்டியபின் திரும்புவார். "பத்து வருசம் அந்த மனுசன் முகத்த வெளிச்சத்துல பாத்ததில்ல" என்றார். ஒரு நாள் அவர் திரும்பவில்லை. விபத்தொன்றுமில்லை, அந்தப் பக்கத்திலேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டார். அதைச் சொல்லும்போதும் இவர் பார்வை தொலைக்காட்சியைவிட்டு அகலவில்லை. "அங்க ஒரு விளக்கு எரிஞ்சிருக்கு. போய்ட்டாரு."

அவருக்கு ஒரே மகன். மூவாரில் நாற்காலி மேசை செய்யும் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அந்த ஊர்ப் பெண்ணொருத்தியை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். தாய்க்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதென்று அவன் தானாகவே போய்ப் பரிசோதனை செய்துகொண்டான். பொருந்திவிட்டது. எங்கள் பன்னிரண்டு நாற்காலிகளில் யாருக்கும் அத்தகைய செய்தி அதற்குமுன் வந்ததில்லை. மிஸ்ஸி ஓடிவந்து சொன்னபோது சீனப் பெரியவர் காரணம் தெரியாமலே கைப்பிடியைத் தட்டினார். இனி இவருடைய இதயத்தைப் பரிசோதிப்பது ஒன்றே பாக்கி. ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனையில் ஒரு புதன்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள்.

அதற்குச் சில நாள் முன்புதான் பாட்டுப் போட்டியில் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண் விலகிக்கொண்டாள். தோழி வெளியேறும் நிலை வந்ததும், "என் இடத்தை இவளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று நடுவர்களை வணங்கிவிட்டு மேடையைவிட்டு இறங்கினாள். அரங்கம் எழுந்து நின்றது. மிஸ்ஸிமார் மூவரும் அழுதார்கள். நானும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இவர் ஒருவர்தான் கொதித்தார்.

"அலமாக், என்னா நடிப்பு! விட்டுக்குடுக்கிறவ வீட்ல இருந்து போன் போட்டு வரலன்னு சொல்லணும். மேடையேறி, மேக்கப் போட்டு, கேமரா முன்னால வந்து விட்டுக்குடுப்பாளா? எனக்கு இவங்களப் பிடிக்காது சார். தோத்துப் போறவன பிடிக்கும்."

அந்த வாரச் சனிக்கிழமை மகன் தனக்கு நிச்சயித்த பெண்ணை நிலையத்துக்கு அழைத்துவந்தான். அவள் பாலர் பள்ளி ஆசிரியை, ஒல்லியான பெண். இயந்திரத்தில் சிவப்பாகச் சுழலும் குழாய்களைப் பார்த்ததும் கையிலிருந்த பழப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மகன் காரை நகர்த்தி வைக்கக் கீழே போயிருந்தான்.

"எத்தன மணிக்கும்மா எந்திரிப்ப?" என்று கேட்டார் இவர்.

அவள் விழித்தாள். "ஆறு மணிக்கு ஆண்டி."

"அவன்?"

"ஏழரை. நான் போன் பண்ணித்தான் எழுப்புவேன்."

இவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாஸாயிட்டா!" என்றார் என்னைப் பார்த்து. பிறகு அவளிடம், "அவன் குடுக்குறதப் பத்தி நீ என்ன நெனைக்கிற?" என்றார்.

அவள் குழாய்களைப் பார்த்தாள். பழப்பை கசங்கியது.

"எங்கம்மாதான் ஆண்டி பயப்படுறாங்க. பின்னால அவருக்கு ஏதாச்சும் ஆனா என்ன பண்றதுன்னு. நான் ஒண்ணும் சொல்லல ஆண்டி. நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன்."

"சொல்லமாட்ட" என்றார் இவர். குரலில் கடுமையில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை கடந்து வியாழன் வந்தது. பரிசோதனை எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"போகல சார். பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். ரெண்டு பஸ் வந்துச்சு. ஏறல."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்ன? எப்பவும் போலத்தான்."

மகனிடம் மருத்துவமனையே நாளை மாற்றிவிட்டதாகச் சொன்னாராம். அடுத்த தேதிக்கும் போகவில்லை. அதற்கடுத்த தேதிக்கும் போகவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து மலாய் மொழியில் ஒரு கடிதம் வந்ததாக என்னிடம் மட்டும் சொன்னார். மூன்று முறை வராததால் கோப்பை மூடிவிட்டார்களாம். மகனிடம் தம் இதயம் அறுவைக்குத் தாங்காதென்று சொல்லிவிட்டார்கள் என்றாராம். அவன் அழுதானாம்.

"இது தப்பு" என்றேன். "அவன் மனசோட குடுக்கிறான். நீங்க அவன ஏமாத்துறீங்க."

"சார், நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரி பேசாதீங்க. அந்தப் பொண்ணு விளக்க அணைக்கல. அணைக்கவும் மாட்டா. அதுக்குக் கை வலிக்குது. எத்தன வருசத்துக்குப் புடிச்சிக்கிட்டு நிக்கும்? அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னத்தான் நெனச்சுக்கும். நான் செத்தப்புறமும் நெனச்சுக்கும்."

"அன்னைக்கு விட்டுக்கொடுத்த பொண்ண அவ்வளவு திட்டினீங்களே?"

அவர் ஊசியில்லாத கையை விரித்து அறையைச் சுற்றிக் காட்டினார்.

"இங்க கேமரா எங்க சார் இருக்கு?"

மகன் கேட்டால் சொல்லிவிடவேண்டாம் என்றார். நான் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை உடன்பாடாக எடுத்துக்கொண்டார். மறுக்க எனக்கு மூன்று மாதங்கள் இருந்தன. கைப்பேசியில் அவனுடைய எண்ணும் இருந்தது. தாய்க்கும் மகனுக்கும் நடுவே புகுவது முறையன்று என எனக்கு நானே நன்றாக அமைந்த வாக்கியங்களில் சொல்லிக்கொண்டேன்.

பிறகு படக்கருவி வந்தது.

நிலையத்துக்கு நன்கொடை திரட்ட ஆண்டுதோறும் ஒரு நோயாளியைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடுப்பார்கள். அவ்வாண்டு அவரைத் தேர்ந்தார்கள். இரண்டு இளைஞர்கள் அடுக்குமாடியில் மூன்று தளம் மூச்சிரைக்க ஏறிப்போய் ஒரு பகல் முழுவதும் எடுத்தார்கள். செவ்வாயன்று வந்து உட்கார்ந்ததும் முழக்கமிட்டார்.

"சார், என் வீட்டக் காட்டிட்டாங்க!"

சீனப் பெரியவர் "வீத்த காத்தி!" என்று எழுந்தே விட்டார். மிஸ்ஸி அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சேலை கட்டிக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்து வெளிய பாக்கச் சொல்றான் சார். வெளிய என்ன இருக்கு? எதுத்த பிளாக்கு. அதுல ஒரு சீனத்தி துணி காயப்போடுறா. அதப் பாத்து நான் சோகமா இருக்கணுமாம். 'பின்னாடி புல்லாங்குழல் வெப்பியாடா'ன்னு கேட்டேன். 'எப்படி ஆண்டி தெரியும்'ங்குறான்!"

படம் எங்கள் கைப்பேசிகளுக்கு வந்தபோது நாற்காலிகளில் இருந்தபடியே பார்த்தோம். புல்லாங்குழல் இருந்தது. அவர் சன்னலோரம் இருந்தார். படக்கருவி அடுக்களையில் நுழைந்து, அளவு குறித்த தண்ணீர்க் குவளையைக் காட்டி, குளிர்ப்பெட்டிக் கதவில் சற்று நின்றது. அங்கே மகனும் அந்தப் பெண்ணும் நிற்கும் படமொன்று ஒட்டியிருந்தது, அதற்காகவே நின்றது. பக்கத்தில் காந்த வில்லையின் கீழ் ஒரு தாள்.

"டப்பாலாம் நல்லாத் தொடச்சு வெச்சேன். பளிச்சுன்னு தெரியுது பாருங்க" என்றார் மனநிறைவோடு.

குறை காண்பதையே இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவர் அந்தத் தாளைக் காணவில்லை. பிழை திருத்துவதையே முப்பது ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்த நானும் காணவில்லை.

அப்போது பாட்டுப் போட்டி இறுதிச் சுற்றை நெருங்கியிருந்தது. இறுதியில் யார் வெல்வாரென்று கேட்டேன். அதில் தம் விதி செல்லாது என்றார்.

"பைனல்ல எல்லார் வீட்டையும் காட்டிருவாங்க சார். அப்புறம் யாரு போவா யாரு இருப்பான்னு எப்படிச் சொல்றது?"

இறுதிப் போட்டி ஒரு சனிக்கிழமை இரவு நடந்தது. ஞாயிறு காலை அவர் குளியலறை வாயிலில் விழுந்து இறந்தார். செவ்வாயன்று ஏழாம் நாற்காலியில் புதிய விரிப்பு இருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. நண்பகலில் மறு ஒளிபரப்பு தொடங்கியது. நான்கு போட்டியாளர்கள், நான்கு வீடுகள். முதல் வீடு வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அறையில் இயந்திரங்களின் ஓசை மட்டும் இருந்தது. நான்காம் வீட்டின் கூரை வந்தபோது ஆறாம் நாற்காலியிலிருந்து, எங்களில் யாரையும் பார்க்காமல், அந்தப் பெரியவர் சொன்னார்.

"முதிஞ்சு லா."

வென்றது யாரென்று எனக்கு இப்போது நினைவில்லை. அவருக்கு அது தெரியவே வாய்ப்பிருந்ததில்லை.

ஈமச்சடங்குகள் முடிந்தபின் மகன் அவருடைய போர்வையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு போக வந்தான். நான் ஊசிகளோடு உட்கார்ந்திருந்தேன். அவன் நின்றபடியே கைப்பேசியை என் முன் நீட்டினான். படம் குளிர்ப்பெட்டிக் கதவில் நிறுத்தப்பட்டு, விரல்களால் பெரிதாக்கப்பட்டிருந்தது. எழுத்துகள் மங்கலாயினும் மருத்துவமனைக் கடிதம் என்பது தெரிந்தது. மூன்று தேதிகளும் தெரிந்தன.

"அம்மா மொகத்தப் பாக்குறதுக்காகத் திரும்பத் திரும்பப் போட்டேன் சார். இதப் பாத்துட்டு வீட்டுக்குப் போய் அந்தக் கடுதாசிய எடுத்துப் படிச்சேன். ஹார்ட்டப் பத்தி ஒண்ணுமே இல்ல. டெஸ்டுக்கே போகல. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நிகழ்ச்சிகளப் பத்தித்தான் பேசுவாங்க" என்றேன். அதில் பொய் எதுவுமில்லை என்பதே அதிலிருந்த பொய்.

அவன் கண்கள் சிவந்திருந்தன. "அவ வந்துட்டுப் போனதுக்கப்புறம்தான் சார் மொத டேட்டு. அவ என்னமோ சொல்லியிருக்கா."

"இல்ல தம்பி. அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லல. நான் பக்கத்துலதான் இருந்தேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லலதான் சார்" என்றான் அவன். "குடுங்கன்னும் சொல்லல."

போர்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனான். அந்தத் திருமணம் நடக்கவில்லை. நிச்சயதார்த்த மோதிரத்தை அவனே மூவாரில் அவர்கள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்ததாக மிஸ்ஸி மூலம் அறிந்தேன். அவர் எதற்காகப் பேருந்துகளை விட்டாரோ அதுவும் போயிற்று. எதை விட்டுக்கொடுத்தாரோ அந்த உயிரும் போயிற்று. ஒரு தொலைபேசி அழைப்பில் நான் இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கக்கூடும். எதைக் காப்பாற்றியிருப்பேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாற்காலியில் இப்போது ஓர் இளைஞர் இருக்கிறார். காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு தம் கைப்பேசியில் பந்தாட்டம் பார்க்கிறார். சுவர்த் தொலைக்காட்சி பெரும்பாலும் ஒலியின்றி ஓடுகிறது.

சென்ற வியாழன் ஊசியைக் கழற்றிக்கொண்டே மிஸ்ஸி சொன்னார்: "சார், உங்க சட்டை இன்னிக்கு ரொம்ப நல்லாருக்கு."

"ஆனா?" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆனா ஒண்ணுமில்ல சார். இந்த வருசப் படத்துக்கு உங்க வீட்டுக்கு வரலாமான்னு கேக்கச் சொன்னாங்க. புதன்கிழமை பசங்க வருவாங்க."

வரட்டும் என்றேன்.

செவ்வாயன்று வீடு திரும்பியதும் குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த அனைத்தையும் எடுத்தேன். மருந்து அட்டவணை, மகளின் தொலைபேசி எண், ஒரு பழைய திருமண அழைப்பிதழ், கோவில் விழாச் சீட்டு, அந்த அம்மாவின் மகன் எப்போதோ எழுதிக்கொடுத்த முகவரி. கதவைத் துடைத்தேன். வெள்ளையாக, ஒரு கீறலும் இன்றி நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, படக்கருவி எங்கே நிற்கும், எதைப் பார்க்கும் என்று நெடுநேரம் பார்த்தேன். குறை ஒன்றுமே இல்லாத ட்ரே. யார் நம்புவார்கள்?

எழுந்து, நல்லனவற்றில் இரண்டை எடுத்துத் திரும்ப ஒட்டினேன்.